கஜானாவின் கதை: முத்திரை வைத்த செக்கு

சென்ற இதழில் எகிப்தின் தானிய வரியைப் பார்த்தோம். இந்த வாரம் எண்ணெய்.

கி.மு. 259. எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து மன்னன் இரண்டாம் தாலமிக்குச் சிரியாவோடு மறுபடியும் போர். கூலிப்படைக்குச் சம்பளம், கப்பற்படைக்குச் செலவு. பணத்துக்காக அவன் கைவைத்தவற்றில் ஒன்று, ஏழை வீட்டு விளக்கு. அந்த ஆண்டின் எண்ணெய்ச் சட்டம் பாப்பிரஸ் சுருளாகவே கிடைத்தது. 1896-இல் பாப்பிரஸ் ஆய்வாளர் கிரென்ஃபெல் அதைப் பதிப்பித்தார்.

எந்த மாவட்டத்தில் எவ்வளவு நிலத்தில் எள், எவ்வளவில் ஆமணக்கு என்பதை அரசே தீர்மானித்தது. விளைந்ததை அரசு குறித்த விலைக்கே கொடுக்க வேண்டும். வெளியாருக்கு ஒரு படி விற்றாலும் குற்றம். எண்ணெய் எடுப்பது அரசு ஆலையில்தான். வேலையில்லாத நாட்களில் உரலுக்கும் செக்குக்கும் முத்திரை வைத்துவிடுவார்கள். ஆலைத் தொழிலாளி தன் மாவட்டத்தைவிட்டு நகரக் கூடாது; ஓடி வந்தவருக்கு இடம் கொடுத்தால் அபராதம். கோயில்கள் மட்டும் ஆண்டில் இரண்டு மாதம், அதிகாரிகள் கண்ணெதிரே, தங்கள் தேவைக்கு நல்லெண்ணெய் ஆட்டிக்கொள்ளலாம். விளக்கெண்ணெய் ஆட்ட அவர்களுக்கும் அனுமதியில்லை.

சுருளில் ஓரிடம் என்னை உலுக்கியது. நல்லெண்ணெய்க்கு ஒரு மெட்ரெட்டஸ், அதாவது ஏறக்குறைய 39 லிட்டர், 48 டிராக்மா (அக்காலக் கிரேக்க நாணயம்). விளக்கெண்ணெய்க்கு 30 என்றுதான் முதலில் எழுதியிருக்கிறார்கள். பிறகு அதைத் திருத்தி, எல்லா எண்ணெய்க்கும் 48 என்று ஆக்கிவிட்டார்கள். சமையலுக்கு நல்லெண்ணெய் வாங்க வசதியுள்ளவன் கொடுத்த விலையையே, இருட்டை விரட்ட விளக்கெண்ணெய் வாங்கியவனும் கொடுத்தான். ஒரு திருத்தத்தில் இத்தனை ஈவிரக்கமின்மை!

விலை இப்படி ஏறினால் வெளிநாட்டு எண்ணெய் சும்மா இருக்குமா? அதற்கும் வழி அடைத்தார்கள். சிரியா எண்ணெயை உள்நாட்டில் விற்கக் கொண்டுவந்தால் சரக்கு பறிமுதல். அதோடு மெட்ரெட்டஸுக்கு 100 டிராக்மா அபராதம். சொந்த உபயோகத்துக்கு என்றாலும் 12 டிராக்மா தீர்வை.

எண்ணெய் வருவாயை வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் சொன்ன தொகையைவிட வசூல் குறைந்தால் அவர் கைப்பணம்தான் போகும். அதனால் ஆலையைக் கண்காணிப்பதில் அதிகாரியைவிட அவருக்கே அக்கறை அதிகம்.

இவ்வளவு காவல் இருந்தும் கள்ள எண்ணெய் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஃபாயூம் பகுதியின் கெர்கியோசிரிஸ் கிராமத்து எண்ணெய்க் குத்தகைதாரர், கள்ள எண்ணெயைத் தேடிப் போன இடத்தில் அடிவாங்கியதாக அதிகாரியிடம் மனு கொடுத்தார். அந்த மனுவும் இன்றுவரை இருக்கிறது.