கடல் கடந்த மாணவர் தொண்டு

தங்காக்கிலும் மூவாரிலும் திருச்சபை என்றவுடன் வெள்ளைக்காரப் பாதிரிமார் தந்துவிட்டுப்போன உடைமை என்றே நம்மவருள் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. தமிழ் மாணவர் சிலரின் கூட்டுறவு ஒன்று பல திருச்சபைகளுக்கு வித்தான வரலாறும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1816-இல் தொண்டு தொடங்கினர். 1823-இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரியில் தமிழும் ஆங்கிலமும் அறிவியலும் ஒருங்கே பயிற்றப்பட்டன. அக்கல்வி மரபில் வந்த மாணவர்கள் 1900-ஆம் ஆண்டளவில் மாணவர் அயல்நாட்டு மிஷனரிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். வெளிநாட்டாரிடம் கையேந்தாது, தாமே பொருள் திரட்டி, பாக் நீரிணைக்கு அப்பால் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினர். அவர்களுக்கு அயல்நாடு என்பது தமிழ்நாடே! (அதே யாழ்ப்பாணப் பள்ளிகளில் பயின்ற பலர் மலாயாவுக்கு இரயில்வே எழுத்தர்களாக வந்தனர் என்பதையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம்.)

1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியாவை இம்முயற்சி உலுக்கிற்று. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அவர், அப்போது ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளர்; மாணவரிடையே உழைத்தவர். நூறாண்டு கடந்த திருநெல்வேலித் திருச்சபை, பிறருக்கென ஓர் ஊழியரையேனும் தன் செலவில் அனுப்பியதுண்டா என்ற வினா அவரை வாட்டியது. மறுஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. பணமும் ஆளும் நிருவாகமும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் உறுதி. 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனரிச் சங்கம் தோன்றியபோதும் அசரியா முன்னின்றார்.

ஐதராபாத் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லே அச்சங்கத்தின் களமாயிற்று. அங்கே வழங்கும் மொழி தெலுங்கு. 1909-இல் குருப்பட்டம் பெற்ற அசரியா, தாமே அங்குக் குடிபெயர்ந்து, அம்மொழியில் ஊழியம் செய்தார். ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்ட மாலரும் மாதிகரும் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தனர். 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிமார் இந்தியருக்குப் பொருளை ஈந்தாலும் நட்பை ஈயவில்லை என்று அவர் வெளிப்படையாகவே உரைத்தார். அவையோர் சிலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவரே திருநிலைப்படுத்தப்பட்டார்.

அவர் காலத்தில் தோர்ணக்கல் மறைமாவட்டத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. பல்வேறு சபைகளை ஒன்றாக்கும் முயற்சியிலும் நெடுங்காலம் உழைத்தார். 1945 ஜனவரி 1-இல் அவர் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27-இல். தோர்ணக்கல்லும் அதனுள் அடங்கியது. தொண்டிக்கு ஊழியரை அனுப்பிய அம்மாணவர்களின் பெயர்களை நம் பாடநூல்கள் இன்னும் எழுதவில்லை.