வளவும் பஞ்சமும்

இந்நாட்டில் "வீட்டுத் தோட்டம் செய்யுங்கள்" என்று அரசாங்கம் மக்களை நோக்கி உரத்துக் கூறிய காலங்களைத் தொகுத்துப் பார்ப்போமாயின், அவற்றுட் பல பஞ்ச காலங்களே என்பது புலனாகும். களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில் அமைச்சர்கள் நம் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்ப்பது அரிது. 1942, 1973, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளையும் கல்முனைக் கரையின் மணலில் நின்று நோக்குவது பயனுடைத்து.

1942 மார்ச் மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. அந்நாளில் இலங்கை மக்கள் உண்ட அரிசியிற் பாதிக்கு மேற்பட்டது கடல் கடந்து வந்தது. அதிலும் பெரும்பகுதி பர்மா அரிசி. தேயிலைக்கும் இறப்பருக்கும் நிலத்தை ஒப்படைத்துவிட்டுச் சோற்றுக்கு அயல்நாட்டை எதிர்பார்த்திருந்த குடியேற்றப் பொருளாதாரத்தின் உண்மை உருவம் ஒரு மாதத்தில் வெளிப்பட்டது. ஏப்ரிலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அரிசி பங்கீட்டு அட்டைக்குள் அடங்கிற்று. மரவள்ளியும் வற்றாளையும் குரக்கனும் கௌரவம் பெற்றன. இலண்டன் நகரின் பூங்காக்களையே கொத்திக் காய்கறி நட்ட காலம் அது.

எழுபதுகளில் நேர்ந்தது வேறு. உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேற, அந்நியச் செலாவணி வற்றிற்று. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது. உணவு உற்பத்தியை ஒரு போராகவே அரசாங்கம் பிரகடனம் செய்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மிளகாயாலும் வெங்காயத்தாலும் நிமிர்ந்தனர். நம் கரைக்கு 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் அண்டை வயல்களில் ஓடியமையால் நெல் ஓரளவு இருந்தது. கறிக்கு வளவே துணையாயிற்று. கத்தரி, வெண்டி, பயற்றை, வேலியிற் படர்ந்த பாகல், கிணற்றடியில் வாழை, மூலையில் முருங்கை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கப்பல்கள் வந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி இக்கரையோரத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. நிழலும் போயிற்று.

ஆனால், நம் தோட்டங்களை அழித்தது சூறாவளியன்று. நம்முடைய திருமண ஏற்பாடே என்பது என் துணிபு. இக்கரையோரத்தில், முஸ்லிம்களிடையேயும் தமிழர்களிடையேயும், பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணம் முடிப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டிற்கு வந்து வாழ்வார். பெண்ணுக்கு நிலையான உரிமையைத் தந்த இவ்வழக்கத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. எனினும் கணக்கு இரக்கமற்றது. நாற்பது பேர்ச் வளவு நான்கு பெண்மக்களுக்குப் பிரிந்தால் தலைக்குப் பத்து. அப்பத்து மறுபடி இரண்டாகப் பிரிந்தால் ஐந்து. ஐந்து பேர்ச்சில் வீடும் கிணறும் மலகூடமும் போக எஞ்சுவது என்ன? கிழக்கே கடல்; மேற்கே வயல். நடுவே நீளும் ஒடுங்கிய மணற்பட்டியில் ஊர் விரிய வேறு இடமில்லை. மூத்தம்மா பயற்றை நட்ட இடத்தில் இன்று பேத்தியின் குசினி நிற்கிறது. நிலப் பிரச்சினையைப் பேசாது வீட்டுத் தோட்டத்தைப் பேசுவோர் இதனைக் காண்பதில்லை.

2004 திசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அத்துயரின் முன் காய்கறியைப் பேசுவது சிறுமையே. ஆயினும் கிணறுகளுக்கு நேர்ந்ததை நாம் அறிந்திருத்தல் வேண்டும். கரையோர மணலில் மழைநீர் உப்பு நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லையாக நிற்கிறது; கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் இருப்பின் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலின் கணக்கு. மேலேயுள்ள ஓரடியை இறைத்துவிட்டால் உப்பு கீழிருந்து மேலெழும். உப்பான கிணறுகளை நல்லெண்ணத்துடன் இயந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தபோது பல இடங்களில் அதுவே நடந்தது. கிணறுகளைத் தேற்றியது மாரி மழை.

பின்னர் 2021. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் கெட்டுவிட்டிருந்தது. 2022 ஏப்ரிலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94ஐத் தாண்டிற்று. இதற்கிடையே ஜூன் மாதத்தில் அரச ஊழியருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது; எரிபொருள் மீதமாகும், வீட்டிற் பயிரும் விளையும் என்பது கருத்து. சம்பளத்துடன் விடுமுறை பெற்றவர் மண்வெட்டி எடுத்தார். மண்ணெண்ணெய் இன்றித் தோணியைக் கரையில் இழுத்துவிட்ட மீனவனுக்கும், நாட்கூலிக்கும் யார் விடுமுறை அளித்தார்?

மேலும், அச்சுற்றறிக்கையை எழுதியவர் தென்மேல் பருவமழையை நினைத்திருத்தல் கூடும். நம் கரையில் ஜூனும் ஜூலையும் கச்சான் காற்றின் மாதங்கள்; இலை கருகும். அப்போது விதைத்த புதியவர்கள் நாளுக்கு இருமுறை கிணற்று நீர் வார்த்தும் நாற்றைக் காப்பது அரிதாயிற்று. ஐப்பசி மழைக்குக் காத்திருந்தவர்களே விளைவு கண்டனர். காத்திருக்கச் சொன்னவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்த முதிய பெண்கள். மணலுக்கு நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் இல்லை. குழி தோண்டித் தேங்காய்ப் பொச்சு புதைத்து, மேலே மாட்டெருவும் சருகும் இட்டு, அதன்மேல் நடுவது அவர்கள் அறிந்த முறை. பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்து முல்லைக்கும் குறிஞ்சிக்கும் கருப்பொருள் மனனம் செய்த என் போன்றோர், நெய்தல் மணலில் கத்தரி நடுவதை இவர்களிடமே கேட்டறிந்தோம்.

அவர்களிடமும் ஒன்று இல்லாமற் போயிருந்தது: விதை. அடுப்பங்கரைப் புகையில் தொங்கிய சுரைக்குடுவை விதைகள் எப்பொழுதோ மறைந்துவிட்டன. கடையில் வாங்கிய கலப்பின விதையின் முதல் விளைவு செழிப்பானது. அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளைவதில்லை. ஆகவே ஒவ்வொரு போகத்திற்கும் கடைக்கே போகவேண்டியதாயிற்று. விலைகள் சற்றுத் தணிந்ததும் பல பாத்திகள் மீண்டும் கூட்டிப் பெருக்கிய வெண்மணலாயின. எனினும் பயற்றையும் வெண்டியும் நாட்டு வகையாகத் தேடி, முற்றவிட்டு, சாம்பலிற் புரட்டிப் போத்தலில் அடைத்து அயலாருக்குக் கொடுக்கும் பெண்கள் சிலர் உளர். ஐந்து பேர்ச் வளவில் இடமின்றி, பழைய உரப்பைகளில் மண் நிரப்பி மொட்டைமாடியில் அவ்விதைகளை ஊன்றுகிறார்கள்.