எண்ணாயிரம் கல்வெட்டும் மாணவர் உதவியும்

திருவண்ணாமலைக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்த் திருமால் கோயிற் கல்வெட்டொன்று, முதலாம் இராசேந்திரன் (1012–1044) காலத்தில் மாணவர்க்கு உதவி வழங்கிய முறையை விரித்துரைக்கின்றது.

அங்குப் பயின்றோர் 340 பேர். அவருள் 270 பேர் வேதமும் தொடக்க இலக்கணமும் கற்ற இளநிலையினர். மேனிலையினர் 70 பேர். வியாகரணம் 25, பிரபாகர மீமாஞ்சை 35, வேதாந்தம் 10 எனத் துறைதோறும் தொகை வரையறுக்கப்பட்டது. நாளொன்றுக்கு இளநிலையார் பெற்றது 6 நாழி நெல். மேனிலையார் பெற்றது ஒரு குறுணி இரு நாழி, அஃதாவது 10 நாழி. பாடத்துக்கு இடமும் படிநிலைக்குப் படியும் வகுத்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் வேதக்கல்வி அந்தணர்க்கே உரியதாகக் கொள்ளப்பட்டமையின், ஆற்றலை அளந்த அம்முறை பிறப்பால் வாயிலடைத்தது. 1944-இல் பட்டியல் வகுப்பினர்க்குத் தொடங்கப்பெற்றுப் பின்னர்ப் பழங்குடியினர்க்கும் விரிந்த மேற்படிப்பு உதவித்தொகை இதனை மாற்றிற்று. அடைத்த பிறப்பே உரிமைக்கு ஏதுவாயிற்று. 2022-இல் தோன்றிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி புகும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் அளிக்கின்றது.

சவ்வாது மலையினின்று திருவண்ணாமலைக்கு வந்து தமிழ் பயிலும் பழங்குடி மாணவியை எண்ணுவோம். மேற்கூறியவை அவள் பின்புலத்தை நோக்குவன. புலமையை நோக்குவது, தேசியத் தகுதித் தேர்வின்வழிக் கிடைக்கும் இளநிலை ஆய்வு நல்கை. ஒன்றை அறிந்து மற்றதை அறியாதார் இடைவழியில் நின்றுவிடுவர். ஆதலின் பாடம், படிநிலை, பின்புலம் என்னும் மூன்றையும் தனித்தனியே வினவி வழிகாட்டுதல் ஆசிரியர் கடன் என்பது எம் துணிபு.