நுரையீரல் மருத்துவமும் தீவிர சிகிச்சையும்: இணைந்த பயிற்சியின் நியாயம்

அமெரிக்காவில் பொது மருத்துவத்தில் 3 ஆண்டுப் பயிற்சி முடித்த மருத்துவர், நுரையீரல் மருத்துவத்தையும் தீவிர சிகிச்சையையும் ஒன்றாகக் கற்க மேலும் 3 ஆண்டுகள் பயில்கிறார். தனித்தனியே பயின்றால் ஒவ்வொன்றுக்கும் 2 ஆண்டுகள் வேண்டியிருப்பதால், இந்த இணைப்பைக் காலச் சிக்கனத்துக்கான ஏற்பாடாகவே கருதுவோர் உண்டு. உயிரைக் காக்கும் செயற்கைச் சுவாசக் கருவியே நுரையீரலைச் சிதைக்கவும் வல்லது என்பதால், கருவியையும் உறுப்பையும் ஒருசேர அறிந்த மருத்துவரை உருவாக்குவதே இப்பயிற்சியின் உண்மையான நியாயம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

தீவிர சிகிச்சை என்னும் துறை, மூச்சு நின்றுபோகும் நிலையை எதிர்கொள்ளும் தேவையிலிருந்தே வளர்ந்தது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, சுவாசத் தசைகள் செயலிழந்தோரின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, அதன்வழியே காற்றைச் செலுத்தும் முறையை மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் கையாண்டார்; மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் காற்றுப்பையைக் கையால் அழுத்தினர்; இறப்பு வெகுவாகக் குறைந்தது. அந்நோயாளிகளுக்குத் தசைதான் தளர்ந்திருந்தது. 1967இல் விவரிக்கப்பட்ட கடும் சுவாச இடர் நோய்க்குறியிலோ நுரையீரலே நோயுறுகிறது. காற்றறைகளில் நீர் கோத்து அது விறைத்துவிடுவதால், வழக்கமான அளவில் செலுத்தப்படும் காற்று, எஞ்சியுள்ள நல்ல காற்றறைகளை மிகையாக விரித்துப் புண்படுத்துகிறது. 861 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. பெற்றோரில் 39.8 விழுக்காட்டினரும், 6 மி.லி. பெற்றோரில் 31 விழுக்காட்டினரும் இறந்தனர்.

இக்கணக்கில் வரும் எடை, உயரத்திலிருந்து கணக்கிடப்படுவது. ஏனெனில் உடல் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. 170 செ.மீ. உயரமும் 95 கிலோ எடையும் உள்ள ஆணுக்குக் கணக்கீட்டு எடை ஏறத்தாழ 66 கிலோ என்பதால், மூச்சுக்கு 396 மி.லி. காற்றே உரியது, உடல் எடையைக் கொண்டு கணக்கிட்டால் அது 570 மி.லி. ஆகிவிடும். காற்றைக் குறைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு உயரும். அதைக் கண்டு பதறிக் காற்றளவைக் கூட்டாமல், எந்த அளவுவரை பொறுக்கலாம் என்று தீர்மானிக்கும் தெளிவு, நோயாளியின் படுக்கையருகே மூத்தோர் மேற்பார்வையில் பலமுறை முடிவெடுத்துப் பழகினாலன்றி வாய்க்காது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சிறுநீரகமும் இதயமும் மூளையும்கூடச் செயலிழக்கின்றன என்பதும், பிரிட்டனில் மயக்கவியல் உள்ளிட்ட பல துறையினரும் தீவிர சிகிச்சைப் பயிற்சி பெறுகின்றனர் என்பதும் வலுவான மறுப்புகளே. ஆகவே நுரையீரல் மருத்துவர் இத்துறைக்குத் தனியுரிமை கோர இயலாது. எனினும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளியைப் புறநோயாளிப் பிரிவில் ஆண்டுக்கணக்கில் கவனித்துவரும் பழக்கம் உடையவர், அத்தகையவருக்கு மூச்சு முட்டும் வேளையில் முகமூடிவழிச் சுவாசம் போதுமா, குழாய் செலுத்த வேண்டுமா, அதை நோயாளி விரும்புவாரா என்பதை நன்கு எடைபோட முடியும். பிழைத்தவரின் தசைத்தளர்ச்சியையும் மூச்சுக்குறைவையும் பின்னர் கவனிக்கவும் முடியும்.

எனவே இணைந்த பயிற்சி தொடரத்தக்கதே; ஆனால் பயிற்சியாளர் எத்தனை குழாய்களைச் செலுத்தினார் என்று எண்ணுவதோடு நில்லாமல், எப்போது செலுத்தாமல் இருந்தார், எப்போது கருவியை விலக்கினார், ஏன் அவ்வாறு முடிவெடுத்தார் என்பதையும் தேர்வுக்குரியதாக்குவது பயிற்சி நிறுவனங்களின் கடமையாகும்.