பாதி மூளையும் ஓர் எழுத்தும்

1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லீ என்ற அறுவை மருத்துவர் 25 வயது இளைஞர் ஒருவரின் மண்டையோட்டைத் திறந்தார். எக்ஸ்ரே கூடக் கண்டறியப்படாத காலம். இளைஞரின் இடக்கை தளர்ந்துவந்ததை முதன்மையான தடயமாகக் கொண்டு, மூளையில் கட்டி எங்கே இருக்கும் என்று பென்னட் என்ற மருத்துவர் கணித்திருந்தார். கணிப்பு பொய்க்கவில்லை. கட்டி அகற்றப்பட்டது, ஆனால் ஒரு மாதத்துக்குள் நோயாளி தொற்றினால் இறந்தார். கிருமிநீக்க அறுவைக்கு வழிவகுத்த ஜோசப் லிஸ்டரின் சகோதரி மகன்தான் காட்லீ என்பது வரலாற்றின் கசப்பான முரண்.

இடத்தைக் கண்டுவிட்டால் வெட்டி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அதன்பின் வளர்ந்தது. அதன் எல்லையைத் தொட்டவர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்ட்டர் டான்டி. க்ளையோமா என்னும் கட்டி பரவியிருந்த நோயாளிகளின் வலப்பாதிப் பெருமூளை முழுவதையும் அவர் அகற்றினார். 1928இல் அதை அறிக்கையாக வெளியிட்டார். அப்படியும் நோயை வேரறுக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டி அதன் செல்கள் முன்பே ஊடுருவிவிடுகின்றன.

ஆக, கட்டி எங்கே இருக்கிறது என்பதைவிட அது எது என்பதே முதன்மையான கேள்வி. 1926லேயே பெய்லியும் குஷிங்கும் அதைக் கேட்டிருந்தார்கள். கருவில் வளரும் மூளைச் செல்களின் எந்தப் பருவத்தை ஒத்திருக்கின்றன என்று பார்த்து, நுண்ணோக்கியின் துணையோடு கட்டிகளுக்குப் பெயரிட்டார்கள். அந்த வழியே ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது.

2008இல், டான்டி பணியாற்றிய அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 22 கட்டிகளில் 20,000க்கும் மேற்பட்ட மரபணுக்களை வாசித்தார்கள். அதுவரை பெரிதாக எவரும் ஐயுறாத ஐடிஹெச்1 என்ற மரபணு அகப்பட்டது. பெரும்பாலும் அதில் மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்து. செல்லின் அன்றாட வளர்சிதை மாற்றத்தில் பங்கேற்கும் நொதி, அந்த மாற்றத்தால் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருளை மிகுதியாக உண்டாக்குகிறது என்பது 2009இல் தெரியவந்தது. அந்தப் பொருள் செல் முதிர்வதைத் தடுக்கிறது. முதிராத செல்களைத் தேடிய பெய்லியின் பார்வை வேறு வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு மரபணுவையும் கட்டியின் பெயருக்குள் சேர்த்தது. பெயர் மாறியபோது மருந்துக்கும் வழி பிறந்தது. பழுதுற்ற அந்நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப், 331 பேரிடம் நடந்த சோதனையில், நோய் முற்றாதிருக்கும் இடைநிலைக் காலத்தை 11.1 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக நீட்டித்தது. 2024இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது.

ஆனால் இது மெதுவாக வளரும் க்ளையோமாக்களுக்கான மருந்து. மிகக் கொடியதான க்ளையோபிளாஸ்டோமா, 2021 வகைப்பாட்டின்படி, ஐடிஹெச் பிறழ்வு இல்லாத கட்டி. கதிர்வீச்சோடு டெமோசோலமைடு சேர்ந்தபோது அந்நோயில் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதங்களிலிருந்து 14.6 மாதங்களாயிற்று என்று 2005இல் வந்த ஆய்வு சொன்னது. இரண்டரை மாதம்! பாதி மூளையை இழந்தும் நோய் நீங்காதவர்கள் இருந்த வரலாற்றில் அதுவும் சிறிதன்று. ஆயினும் அந்தக் கட்டியைத் திறக்கும் எழுத்து இன்னும் வாசிக்கப்படவில்லை.