எழுத்தறியும் பதிப்பும் எல்லைக்கோடும்: தமிழ்க் கட்டற்ற மென்பொருள்களில் பைத்தான் பதிப்பாதரவு குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கட்டற்ற மென்பொருள் ஒன்று தான் சார்ந்திருக்கும் நிரல்மொழியின் எத்தனை பழைய பதிப்புகளுக்கு ஆதரவளிக்க வேண்டும் என்னும் வினா, பராமரிப்புச் சுமை பற்றிய கணக்காகவே பெரும்பாலும் அணுகப்படுகிறது. தமிழ் மென்பொருள்களைப் பொறுத்தவரை, அப்பதிப்பு தமிழ் எழுத்துகளுள் எவற்றை அறியும் என்பதே முதல் அளவுகோலாக வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. மதுரைத் திட்டம், ஓப்பன்-தமிழ் ஆகிய முயற்சிகளின் பட்டறிவும் தமிழ்ப் பின்னக் குறிகளின் குறியேற்ற வரலாறும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், பைத்தான், ஒருங்குறி, மதுரைத் திட்டம், ஓப்பன்-தமிழ், பின்னக் குறிகள்

ஓர் ஊர்ப்பெயரின் நீளம்

திண்டுக்கல் மாவட்டத்தில் தாடிக்கொம்பை அடுத்துள்ள பேரூராட்சி அகரம். அதன் பெயரில் நான்கு எழுத்துகள் உள்ளன என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் சொல்வர். யூடிஎஃப்-8 முறையில் சேமித்த அதே பெயரைப் பைத்தான் 2.7 பதிப்பில் இயல்பான சரமாகக் கொடுத்து நீளம் கேட்டால் 15 என்று விடை வரும். அப்பதிப்பு எண்ணுவது பைட்டுகளை. ஒருங்குறிச் சரம் என்று தனியே அறிவித்தால் விடை 5 ஆகும். மகர மெய், மகரமும் புள்ளியுமாக இரு குறிகளாக எண்ணப்படுவதே காரணம். பைத்தான் 3 எவ்வித அறிவிப்புமின்றி 5 என்னும். திண்டுக்கல் என்னும் பெயருக்கு இவ்விடைகள் முறையே 33, 11, 11 ஆகும். எழுத்துகளோ ஆறு.

இவற்றுள் எவ்விடையும் தொல்காப்பிய மரபு கூறும் எழுத்துக் கணக்கோடு ஒத்துவரவில்லை. ஆயினும் 5இலிருந்து 4க்கு வருவதற்கு இலக்கண விதி ஒன்றே போதும். 15இலிருந்து வருவதற்கு முதலில் அந்தப் பைட்டுகள் எந்தக் குறியேற்றத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தாக வேண்டும். பதிப்பாதரவு பற்றிய முடிவு தமிழ் நிரலாளருக்குக் கூடுதல் கனம் பெறுவது இந்த வேறுபாட்டினால்தான்.

இரட்டை வழக்கின் முன்னோடி

பழைய தளத்தையும் புதிய தளத்தையும் ஒருசேரத் தாங்கும் நெருக்கடி தமிழ்க் கணிமைக்குப் பைத்தானால் வந்ததன்று. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னெடுத்த மதுரைத் திட்டம் அதை முன்னரே சந்தித்தது. இலக்கிய நூல்களைத் தன்னார்வலர் துணையுடன் மின்வடிவாக்கிய அத்திட்டம், தொடக்கத்தில் தனித்த எழுத்துருக்களையும் பின்னர்த் திஸ்கிக் குறியேற்றத்தையும் கைக்கொண்டு, அதன் பின்னரே ஒருங்குறிக்கு வந்தது. தமிழ் 1991இலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் இடம்பெற்றிருந்தது. ஆனால் விண்டோஸ் 98 கணினிகள் அதைக் காட்ட வல்லன அல்ல; விண்டோஸ் 2000தான் அவ்வசதியோடு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தோரும் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. நிறுவல் குறுவட்டு கையில் இல்லாதவர்களுக்குக் கட்டங்களே தெரிந்தன.

மதுரைத் திட்டம் இதற்குக் கண்ட தீர்வு எளியது. ஒருங்குறிக் கோப்புகளை வெளியிட்டபோது திஸ்கிக் கோப்புகளை உடனே நீக்காமல் இரண்டையும் அருகருகே வைத்தது. உழைப்பு இரட்டித்தது உண்மையே. திஸ்கியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னரும் ஒருங்குறியில் பின்னரும் சேமிக்கப்படுவதால், மாற்றம் என்பது குறிக்குக் குறி ஈடுசெய்வதோடு முடிவதில்லை; வரிசையையும் திருப்ப வேண்டும். (அகரம் திஸ்கியில் நான்கே இடங்களில் அடங்கிவிடும் என்பது இங்கே நினைக்கத்தக்கது. முந்தைய தளம் எல்லாவற்றிலும் பின்தங்கியதாக இருக்க வேண்டுமென்பதில்லை.)

ஓப்பன்-தமிழும் இரு தலைமுறைகளும்

பைத்தான் 3.0 2008 டிசம்பரில் வெளிவந்தது. பழைய நிரல்கள் அதில் அப்படியே இயங்கா என்று அறிந்தே அம்முடிவு எடுக்கப்பட்டது. 2015இல் நிறுத்தப்படவிருந்த 2.7 பதிப்பின் ஆயுள், மாற்றம் மெதுவாக நிகழ்ந்ததால் 2020 வரை நீட்டிக்கப்பட்டது. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் தொடங்கிய ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு இந்த இடைக்காலத்தில் வளர்ந்தது. ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருவதும், திஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றுவதும் அதன் பணிகளுள் அடங்கும். பல ஆண்டுகள் அது இரு தலைமுறைகளையும் தாங்கியது. எழுத்துகளைக் கையாளும் கோப்பிலேயே, இயங்குவது பைத்தான் 3தானா என்று வினவி வழி பிரியும் வரிகள் இருந்தன.

ஆங்கிலத் தரவோடு மட்டும் பணியாற்றுவோருக்கு இவ்விரட்டை ஆதரவின் விலை சிறிது. பைத்தான் 2 இயல்பாகக் கொண்ட ஆஸ்கிக்குள் ஆங்கிலம் அடங்கிவிடும். தமிழுக்கோ கோப்பின் தலைப்பில் குறியேற்றத்தை அறிவிக்கத் தவறினாலே நிரல் இயங்க மறுக்கும். பைட்டுச் சரத்தையும் ஒருங்குறிச் சரத்தையும் கலந்தால் ஓடும் நிரல் இடையில் நின்றுவிடும். ஆக, ஒரே கொள்கை முடிவு இரு மொழிகளுக்கும் இரு வேறு விலைகளில் கிடைத்தது.

நம்பை நிரல்தொகுப்பினர் 2019இல் வகுத்த விதி, கடந்த 42 மாதங்களில் வெளியான பதிப்புகளை மட்டும் ஆதரிக்கலாம் என்கிறது. முடிவு நாளை முன்கூட்டியே அறியலாம் என்பது அதன் சிறப்பு. நாள்காட்டியைக் கொண்டு அளக்கும் இவ்விதி எழுத்துகளைப் பற்றி ஒன்றும் அறியாது என்பது அதன் குறை. அக்குறையைத் தமிழ்ப் பின்னக் குறிகள் தெளிவாகக் காட்டுகின்றன.

முந்திரி அறிந்த பதிப்பு

கோயில் கல்வெட்டுகளிலும் பழைய நிலக்கணக்குகளிலும் வரும் மா, காணி, முந்திரி முதலிய பின்ன அளவுகளுக்கான குறிகள் 2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில்தான் இடம்பெற்றன. தமிழின் முதன்மைப் பகுதியில் இடமின்மையால் அவை துணைப் பகுதி ஒன்றில், முதல் தளத்துக்கு அப்பால், வைக்கப்பட்டன. அவ்வாறு அப்பால் வைக்கப்பட்ட குறியை விண்டோஸுக்கான பைத்தான் 2.7 இரண்டாக எண்ணும். லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் கட்டப்பட்ட அதே 2.7 ஒன்றாக எண்ணும். பதிப்பெண் ஒன்றாயினும் விடை வேறு. '2.7 ஆதரிக்கப்படும்' என்ற அறிவிப்பு எதை உறுதிசெய்தது என்று கேட்க இடமுண்டு. நிரல் நிற்காமல் ஓடும் என்பது ஒரு பொருள், தமிழைச் சரியாகக் கையாளும் என்பது மற்றொரு பொருள். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததே பதிப்பாதரவு விவாதங்கள் பலவற்றின் குழப்பத்துக்கு மூலம்.

2012இல் வந்த 3.3 பதிப்பு, எல்லாக் கணினிகளிலும் ஒரு குறியை ஒன்றாகவே எண்ணச் செய்தது. இருப்பினும் அக்குறி எண்ணா எழுத்தா, அதன் மதிப்பு யாது என்பதைச் சொல்ல ஒவ்வொரு பதிப்பும் தன்னுள் பொதிந்துள்ள ஒருங்குறி அட்டவணையையே நம்பும். பைத்தான் 3.7 கொண்டிருப்பது ஒருங்குறி 11, 3.8 கொண்டிருப்பது 12.1. ஆகவே முந்திரியின் மதிப்பு 320இல் ஒரு பங்கு என்று முதலில் அறிந்த பைத்தான், 2019 அக்டோபரில் வந்த 3.8 ஆகும். இன்றைய உரைநடையை மட்டும் கையாளும் சொற்பிழை திருத்திக்கு 3.3ஐ எல்லையாகக் கொள்வதில் மொழிசார்ந்த தடை இல்லை. கல்வெட்டுப் பாடத்தையோ நிலக்கணக்கையோ கையாளும் கருவி 3.8க்குக் கீழே இறங்கினால், அப்பதிப்பு அறியாத மதிப்புகளைத் தானே பட்டியலிட்டுச் சுமக்க வேண்டும்.

மறுமுனையில் கணினிகள் இருக்கின்றன. 2019–20 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டுப் பாடநூலில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பைத்தானைக் கற்பிக்கிறது. அகரம், தாடிக்கொம்பு போன்ற சமவெளி ஊர்களிலிருந்து மேனிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவர் கற்பது பைத்தான் 3. வீட்டில் கிடைப்பது அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பழைய கணினியாக இருக்கலாம். விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய 2011, விண்டோஸ் 7 பரவலாயிருந்த காலம். விண்டோஸ் 7இல் நிறுவத்தக்க கடைசிப் பைத்தான் 3.8 ஆகும், 3.9 அதைக் கைவிட்டது. பின்னக் குறிகளை அறிந்த முதற்பதிப்பும் பழைய கணினியில் ஓடும் கடைசிப் பதிப்பும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. 42 மாத விதிப்படி அப்பதிப்பு 2023 ஏப்ரலில் விலக்கப்பட வேண்டும். பைத்தான் குழுவின் ஆதரவும் 2024 அக்டோபரில் முடிந்தது. தமிழ்க் கருவிகள் இவ்விரு நாள்களையும் அப்படியே தம் எல்லையாக ஏற்கத் தேவையில்லை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத பதிப்பை இணைய வழங்கியில் இயக்குவது தவறு; இணையத் தொடர்பின்றிப் பாடம் பயிலும் கணினியில் அவ்வாதத்தின் வலு குறைவு.

விலக்கும் நாள் வரும்போதும் பழைய பயனர் வெறுங்கையராவதில்லை. 2016 முதல், நிரல்தொகுப்பு தன் குறைந்தபட்சப் பைத்தான் பதிப்பை அறிவித்திருந்தால், 'பிப்' நிறுவி பழைய கணினிக்கு ஏற்ற கடைசி வெளியீட்டைத் தானே தேர்ந்து தருகிறது. மதுரைத் திட்டம் திஸ்கிக் கோப்புகளைக் கையால் காத்துவைத்துச் செய்த பணியை இன்று ஓர் அறிவிப்பு வரி செய்கிறது. அவ்வரியை எழுதாமல் 3.9க்கு உரிய தொடரியலைப் புகுத்தும் வெளியீட்டை, 3.8 வைத்திருக்கும் மாணவரின் கணினி தடையின்றி இறக்கிக்கொள்ளும். பின்னர் முதல் இயக்கத்திலேயே பிழை காட்டி நிற்கும்.