வழியும் ஊரும்: தென் அட்லாண்டிக்கின் இரு தீவுகள்



ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே பரந்து கிடக்கிறது தென் அட்லாண்டிக் மாகடல். உலகப் படத்தில் அதனை உற்று நோக்கினால், பேனா முனை பட்டுவிட்டதோ என்று ஐயுறும்படி இரண்டு சிறு புள்ளிகள் தென்படும். ஒன்றின் பெயர் செயிண்ட் ஹெலினா. மற்றொன்று அதற்கு வடமேற்கே ஏறத்தாழ 800 மைல் தொலைவிலுள்ள அசென்ஷன். இரண்டும் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டவை. இரண்டும் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளின் சிகரங்கள். முன்னதன் பரப்பு 47 சதுர மைல். பின்னதன் பரப்பு 34 சதுர மைல். செயிண்ட் ஹெலினாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரையை அடைய 1,200 மைல் கடல் கடக்க வேண்டும். அசென்ஷனிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மைல்.

இத்துணை ஒற்றுமையுடைய இவ்விரு தீவுகளும் பிழைக்கும் முறையில் மட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கின்றன. ஒன்றில் மக்கள் உண்டு; தொழில் இல்லை. மற்றொன்றில் தொழில் உண்டு. தனக்கென்று மக்கள் இல்லை. இந்த நிலை எவ்வாறு வந்தது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் இயற்கையமைப்பைக் காண்போம். செயிண்ட் ஹெலினாவைக் கப்பலிலிருந்து பார்ப்பவர்க்கு அது ஒரு கோட்டைச் சுவராகவே தோன்றும். சுற்றிலும் செங்குத்தான கரும்பாறைகள். வடபுறத்தே ஒரு குறுகிய பள்ளத்தாக்கில், இரு மலைச்சுவர்களுக்கிடையே செருகி வைத்தாற்போல் ஜேம்ஸ்டவுன் என்னும் தலைநகர் அமைந்திருக்கிறது. பாறையை ஏறிக் கடந்து உள்ளே சென்றாலோ, காட்சி மாறிவிடுகிறது. ஏறத்தாழ 2,700 அடி உயரமுள்ள டயானா சிகரத்தைத் தென்கிழக்கு வியாபாரக் காற்று தழுவிச் செல்வதால், மேட்டு நிலம் பசுமையாக விளங்குகிறது. ஊற்றுகளும் ஓடைகளும் உண்டு, காய்கறி விளையும், கால்நடை மேயும்.

அசென்ஷன் அத்தகையதன்று. தாழ்நிலம் முழுவதும் எரிமலைக் கசடும் சாம்பலுமே. மழை மிகக் குறைவு. 2,800 அடிக்குச் சற்று மேல் உயர்ந்த ஒரே ஒரு மலையின் உச்சியில் மட்டும் முகில் தங்கும். அதுவும் தொடக்கத்தில் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. கடற்பறவைகளும், பிரேசில் கரையிலிருந்து 1,400 மைல் நீந்தி வந்து முட்டையிட்டுத் திரும்பும் பச்சை ஆமைகளுமே அத்தீவின் பழங்குடிகள் எனலாம்.

இரு தீவுகளையும் 1501, 1502ஆம் ஆண்டுகளில் கண்டவர் போர்த்துகீசியருக்காகக் கப்பலோட்டிய ஜோவா ட நோவா என்பவர். 1503இல் அசென்ஷனுக்கு இன்றைய பெயரை இட்டவர், பின்னர் கோவாவைக் கைப்பற்றிய அல்புகெர்க். அவருக்கும் செயிண்ட் ஹெலினாவுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. கோவாவில் எதிரணியில் சேர்ந்துகொண்ட பெர்னாவோ லோபெஸ் என்னும் போர்த்துகீசிய வீரனை அவர் உயிரோடு விட்டார். ஆனால் அவன் உறுப்புகளைச் சிதைத்துத் தண்டித்தார். அல்புகெர்க் 1515இல் இறந்தபின் தாயகம் திரும்பப் புறப்பட்ட அவன், ஊராரின் முகத்தில் விழிக்க மனமின்றி, வழியில் செயிண்ட் ஹெலினாவில் தங்கிவிட்டான். ஒரு பயணத்துக்காக வெளியேறித் திரும்பிய இடைவெளி நீங்கலாக, 1545இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தான். அத்தீவின் முதற்குடி இந்தியாவிலிருந்து திரும்பிய ஓர் ஏதிலியே என்பது நாம் கருதத்தக்கது.

1659ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி செயிண்ட் ஹெலினாவில் குடியேற்றம் அமைத்தது. சென்னையில் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய, நம் முன்னோர் கும்பினி என்று வழங்கிய அதே நிறுவனந்தான் அது. இந்தியத் துறைமுகங்களில் துணியும் மிளகும் ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித் தாயகம் திரும்பும் கப்பல்களை வியாபாரக் காற்று இத்தீவின் பக்கமாகவே கொண்டுவந்து சேர்க்கும். மாதக்கணக்கில் உப்பிட்ட இறைச்சியும் கெட்ட நீரும் உண்டு நோயுற்ற மாலுமிகளுக்கு நல்ல நீரும் கீரையும் பழமும் கிடைக்கும் இடம் அது. ஆங்கிலேயரும், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஆசிய நாடுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளும், பிற்காலத்தில் சீனத் தொழிலாளரும் கலந்து ஒரு புதிய மக்களினம் அங்கே உருவாயிற்று. அவர்கள் தம்மைச் 'செயிண்ட்' என்றே சொல்லிக்கொள்வர். 1673இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அளித்த பட்டயம், இத்தீவின் குடிகளுக்கு இங்கிலாந்தில் பிறந்தோர்க்குரிய உரிமைகளையெல்லாம் உறுதி செய்தது. இப்பட்டயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

1815இல் நெப்போலியன் செயிண்ட் ஹெலினாவுக்குச் சிறையாக அனுப்பப்பட்டார். அவரை மீட்க எவரும் அருகிலுள்ள தீவில் கால்வைத்துவிடக் கூடாதென்று அதே ஆண்டில் ஆங்கிலக் கடற்படை அசென்ஷனில் காவற்படை நிறுத்திற்று. அத்தீவைக் கடற்படையினர் ஒரு கப்பலாகவே பதிவு செய்தனர்! அது வெறும் வேடிக்கையன்று. அத்தீவின் பிற்கால வரலாறு முழுவதும் அப்பதிவிலேயே அடங்கியிருக்கிறது. கப்பலில் பணியாற்றலாம், குடியிருக்க முடியாது.

நெப்போலியன் 1821இல் இறந்தார். 1834இல் செயிண்ட் ஹெலினா கம்பெனியின் கையிலிருந்து முடியாட்சிக்கு மாறியது. எனினும் கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன. 1855ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,100 கப்பல்கள் அங்கே நங்கூரம் பாய்ச்சின. அதன்பின் வந்தது வீழ்ச்சி. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கீழ்நாட்டுக் கப்பல்களின் பாதை செங்கடல் வழியாகத் திரும்பியது. காற்றை நம்பாத நீராவிக் கப்பல்களுக்கு வழித்தங்கல் தேவையும் குறைந்தது. 1889இல் வந்த கப்பல்கள் 288 மட்டுமே. தீவின் மண்ணும் மழையும் மாறவில்லை, மாறியது பாதை. கப்பலுக்குக் கறிகாய் விற்றுப் பிழைத்த மக்களில் பலர் தென்னாப்பிரிக்காவுக்குப் பெயர்ந்தனர்.

எஞ்சியோர்க்கு 1907 முதல் கைகொடுத்தது ஒரு செடி. நியூஸிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட, கத்தாழை போல் நீண்ட இலைகளையுடைய நார்ச்செடி அது. மலைச்சரிவெங்கும் அதைப் பயிரிட்டு, ஆலைகளில் நாரெடுத்து ஏற்றுமதி செய்தனர். கயிற்றுக்கும் அஞ்சல் மூட்டை கட்டும் நூலுக்கும் அந்நார் பயன்பட்டது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை செயற்கை இழைக்கு மாறியதும் அத்தொழிலின் உயிர்நாடி அறுந்தது. 1966இல் கடைசி ஆலையும் மூடப்பட்டது.

இதே காலத்தில் அசென்ஷனின் கதை எதிர்த்திசையில் ஓடிற்று. அம்மலையைப் பசுமையாக்கலாமென்று 1843இல் அங்கே வந்த தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் யோசனை கூறினார். பல நாட்டு மரக்கன்றுகள் தருவிக்கப்பட்டு நடப்பட்டன. மொட்டை மலை நாளடைவில் பசுமலையாயிற்று. 1899இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வடக்கே சென்ற கடலடித் தந்திக் கம்பி இரு தீவுகளையும் தொட்டது. 1922இல் கடற்படை வெளியேறியபின் தந்திக் கம்பெனியே அசென்ஷனின் நிருவாகத்தை நடத்திற்று. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டில், அமெரிக்கப் பொறியாளர் சில மாதங்களிலேயே அங்கே விமானத் தளம் அமைத்தனர். இரவும் பகலும் கூவி உறக்கத்தைக் கெடுக்கும் கடற்பறவையின் பெயரால் அது 'வைட்அவேக்' எனப்பட்டது; விழித்திரு என்பது போன்ற பொருள். செயிண்ட் ஹெலினாவில் நார் ஆலை மூடிய அதே 1966இல் அசென்ஷனில் பி.பி.சி.யின் அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் அமெரிக்க விண்வெளித் துறையின் கண்காணிப்பு நிலையமும் வந்தது. 1982இல் பாக்லாந்துப் போரின்போது பிரிட்டிஷ் படையின் இடைத்தளமாக அத்தீவு பேரிரைச்சலில் மூழ்கியது.

நீரற்ற தீவுக்கு ஏன் இவ்வளவு வாய்ப்பு? மாகடலின் நடுவே, இரு கண்டங்களுக்கிடையே அமைந்த அதன் இருப்பிடந்தான் காரணம். கம்பிக்கும் அலைக்கும் விமானத்துக்கும் விளைநிலம் வேண்டுவதில்லை. நிற்க ஓரிடம் போதும்.

அவ்விடத்தில் வேலை செய்ய ஆட்கள் வேண்டுமே? அவர்கள் பெரும்பாலும் செயிண்ட் ஹெலினாவிலிருந்து வந்தவர்கள். பிறந்த தீவில் வேலையின்றி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கப்பலேறி வந்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புவார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழ்ந்துவரும் நேயர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பிற மாநிலம் சென்ற நம்மவர் அங்கே வீடு வாங்கலாம், ஓய்வுபெற்றபின் தங்கலாம், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அவ்வூராராகவே இருந்துவிடலாம். அசென்ஷனில் அது இயலாது. ஒப்பந்தம் முடிந்தால் தீவைவிட்டுப் புறப்பட வேண்டும். எத்தனை ஆண்டு உழைத்தாலும், அங்கேயே குழந்தை வளர்ந்திருந்தாலும் குடியுரிமையோ சொத்துரிமையோ இல்லை. இவ்வுரிமைகளை வழங்குவது பற்றிச் சில காலம் பேச்சு நடந்தது. வழங்குவதில்லை என்று 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. ஆமையைப் போலவே மனிதரும் வந்து திரும்ப வேண்டியவரே என்பது அதன் பொருள்.

செயிண்ட் ஹெலினா மக்களுக்கும் உரிமை எளிதில் நிலைக்கவில்லை. 1981இல் இயற்றப்பட்ட பிரிட்டிஷ் தேசியச் சட்டம், முன்னூறு ஆண்டுக்கு முன் அரசர் அளித்த பட்டயத்தை மீறி, அவர்களுடைய முழுக் குடியுரிமையைப் பறித்தது. தாயகமென்று நம்பிய நாட்டில் தங்கி வேலை செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. பழைய பட்டயத்தைச் சுட்டிக்காட்டி இருபதாண்டுகள் முறையிட்டார்கள். தீவு கண்டறியப்பட்டு ஐந்நூறு ஆண்டு நிறைந்த 2002 மே மாதத்தில் அவ்வுரிமை மீண்டது. அசென்ஷனுக்காக இவ்வாறு முறையிடப் பரம்பரைக் குடிகள் எவருமில்லை. அங்கு முறையிட்டோரும் ஒப்பந்தக்காரர்களே.

இன்று செயிண்ட் ஹெலினாவில் ஏறத்தாழ 4,400 பேர் வாழ்கிறார்கள். பிரிட்டனின் உதவிப்பணமே அதன் பெருந்தூண். 2017 அக்டோபரில் முறையான விமானப் போக்குவரத்து தொடங்கியது; அதுவரை வெளியுலகோடு இணைத்துவந்த அஞ்சற் கப்பல் 2018இல் ஓய்வுபெற்றது. கடலடி ஒளியிழைக் கம்பியும் 2023இல் பயனுக்கு வந்துவிட்டது. சுற்றுலா, மீன்பிடிப்பு, 1733இல் யேமனிலிருந்து கொண்டுவந்து நட்ட காப்பி ஆகியவற்றில் அத்தீவு நம்பிக்கை வைத்திருக்கிறது. அசென்ஷனில் இருப்போர் ஏறத்தாழ 800 பேர். அனைவரும் ஏதேனும் ஒரு பணியின் பொருட்டு இருப்பவர்கள்.

இவற்றுள் எது வளமான தீவு? பாதையை அளவுகோலாகக் கொண்டால் அசென்ஷனையே சொல்லவேண்டும். ஆனால் பாதை நிலையானதன்று. பாய்க்கப்பலுக்கு வாழ்வளித்த பாதை ஒரு கால்வாயால் திரும்பிவிட்டது. கம்பியும் ஓடுபாதையும் தந்த வாய்ப்பு நாளை வேறிடம் செல்லலாம். அன்று அசென்ஷன் மீண்டும் பறவைகளுக்கும் ஆமைகளுக்கும் உரியதாகிவிடும். செயிண்ட் ஹெலினாவோ, கப்பல் நின்றபின்னும், நார் ஆலை மூடியபின்னும், உரிமை பறிபோனபின்னும் ஊராகவே இருந்துவருகிறது. வெளியே சென்றவர் திரும்பி வருவதற்கு ஒரு வீடும், அவர்களை அடையாளம் கண்டுகொள்ள அண்டை அயலாரும் அங்கே உண்டு. பொருளாதாரக் கணக்கில் இதற்கென்று ஒரு பத்தி இல்லை. ஆயினும் தொலைவில் பிழைக்கச் சென்றோர் அனைவரும் இதன் மதிப்பை அறிவர் என்று கூறி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.